புதுச்சேரியிலிருந்து

"இன்னும் மேல தூக்குடா, மேல" என்று சொல்லிக்கொண்டே மெஹர் நிஷா தன் கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். ஃபோன் திரையில் தம்பி முபாரக்கின் முகம் சரிந்து மறைந்தது. தகரக் கூரை தெரிந்தது, பிறகு கறுத்துக் கிடந்த ஓர் அறிவிப்புப் பலகை தெரிந்தது. சென்னையில் அந்தப் பெரிய ரயில் நிலையத்தின் நடுவில், ஃபோனை ஒலிபெருக்கிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அவன் நின்றிருந்தான். அவனுக்குக் காது கேட்காது. வில்லியனூரில், வீட்டுப் பின்கட்டில் நின்றபடி அவள்தான் அவனுக்காகக் கேட்க வேண்டும்.

கூடத்தில் இருவரையும் பெற்ற அத்தா பஷீர் அகமது கிடந்தார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, விடியற்காலை பாங்கு சொல்கிற நேரத்தில் போய்விட்டார். சீரியஸ் என்று செய்தி அனுப்பியதும் நேற்றே ஹைதராபாத்தில் ரயிலேறிவிட்டான் முபாரக். மௌத்துச் செய்தி அவனுக்கு வழியில்தான் கிடைத்தது. அஸர் தொழுகை முடிந்து நாலரை மணிக்கு அடக்கம். பதினொன்றரை மணி பாண்டி ரயிலைப் பிடித்தால் மூன்றரைக்கு வில்லியனூரிலேயே இறங்கிவிடலாம். அத்தாவின் முகத்தைப் பார்த்துவிடலாம். அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியது, அவளுக்கும்.

மூன்று வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவன் காதைக் கொண்டுபோனதிலிருந்து அவனுக்குக் காது அக்காதான். பள்ளிக்கூடத்தில், டாக்டரிடத்தில், ஹைதராபாத் தையல் கம்பெனி இன்டர்வியூவில்கூட வீடியோ காலில் அவள்தான் கேட்டுச் சொன்னாள். இருவரும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். அத்தாவுக்கும் ஒரு சைகை உண்டு. கடைத்தெருவில் ஆணி, பெயின்ட் கடை வைத்திருந்தவர், நாற்பது வருடமாகக் காதுக்குப் பின்னால் பென்சில் செருகியிருந்தவர். அதனால் இரண்டு விரலைக் காதுக்குப் பின்னால் வைத்தால் அத்தா.

ஸ்டேஷனில் அவன் சும்மா நிற்கவில்லை. விசாரணைக் கவுன்டரில் 'பாண்டி ரயில் எந்த பிளாட்பாரம்' என்று தாளில் எழுதி நீட்டினான். உள்ளே இருந்தவர் குனிந்த தலை நிமிராமல் ஏதோ சொன்னார். இவன் காதைத் தொட்டுக் காட்டினான். அவர் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்! ஒரு போர்ட்டர் நாலு விரலைக் காட்டினான், பழம் விற்கிற அம்மா ஏழு விரலைக் காட்டினாள். எரிந்துகொண்டிருந்த ஒரே பலகையில் நல்வரவு, நல்வரவு என்றே ஓடிக்கொண்டிருந்தது. பிளாட்பார எண்ணை நகைக்கடை விளம்பரம் மறைத்திருந்தது. கண்ணை நம்பி வந்தவனுக்குப் பலகை இல்லை, காதை நம்பி வந்தவர்களுக்கு ஸ்பீக்கர் கொரகொரக்கிறது. அங்கே மனுஷர்கள் எப்படித்தான் ரயிலேறுகிறார்களோ!

ஃபோனில் மணி ஒலித்தது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." மெஹர் நிஷா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வண்டி எண் கரைந்துபோயிற்று. "புதுச்சேரி..."

அந்த நேரம் பார்த்துத்தான் கரையாம்புத்தூரிலிருந்து குப்பி வந்து இறங்கினாள். அத்தாவுக்கு மூத்தவள், கூடப்பிறந்த ஒரே அக்கா. "தம்பீ, எனக்கு முன்னாடி போய்ட்டியேடா! நான் இன்னாடா பண்ணுவேன்!" என்று வாசலிலேயே கதறினாள். வீடு முழுக்க அந்த அழுகை நிரம்பியது. அது அடங்கியபோது ஃபோனில், "...நான்காவது நடைமேடையில்" என்பது மட்டும் கேட்டது.

இந்த ஊரில் யாரும் புதுச்சேரி என்று சொல்வதில்லை, எல்லோருக்கும் பாண்டிதான். சர்க்காரும் ரயிலும்தான் முழுப் பெயரைச் சொல்லும். அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. நாலு விரலைக் காட்டி, "ஓடு" என்றாள். அவன் பாலத்தில் ஏறி ஓடினான். ரயில் பெட்டியில் தொங்கிய பலகையைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினான். மேலே புதுச்சேரி என்று இருந்தது, கீழே வடக்கே ஏதோ ஊர், அழுக்கேறிக் கிடந்தது.

"அதான்டா, ஏறு!"

ஒன்றரை மணிக்கு மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி அணிவித்து முடித்திருந்தார்கள். ஃபோனில் ஒரு படம் வந்தது. மஞ்சள் பலகையில் பெரிய பெரிய தெலுங்கு எழுத்து. கீழே ஆங்கிலத்தில் சூலூர்பேட்டை. 'காலைல இந்த ஊர் வழியாத்தானே வந்தேன்? எறங்கிட்டேன்' என்று எழுதியிருந்தான்.

அவள் அப்படியே அடுப்பங்கரை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாமா? எதுவரைக்கும் வந்துருக்கான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் ஹசன், அத்தாவின் தம்பி.

"சின்னத்தா, அவன் ஏறுனது பாண்டிக்குப் போற வண்டி இல்ல. பாண்டிலேர்ந்து வந்த வண்டி. ஆந்திராவுல நிக்கிறான். நம்ம வண்டி ஏழாவது பிளாட்பாரத்துலேர்ந்து போயிடுச்சாம்."

"படிச்ச புள்ளதானே? யாரு அவன அதுல ஏறச் சொன்னது?"

குப்பி அத்தாவின் கால்மாட்டில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ கத்தாமல் இருந்திருந்தால் 'இலிருந்து' என் காதில் விழுந்திருக்கும் என்று மெஹர் நிஷாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுபத்தைந்து வயதில் தம்பியைப் பறிகொடுத்தவள் நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"நான்தான் சின்னத்தா. என் காதுல சரியா வுழல."

ஹசன் கடிகாரத்தைப் பார்த்தார். அங்கிருந்து அடுத்த வண்டி ஐந்து மணிக்குத்தான் என்று முபாரக் எழுதியிருந்தான். சென்னைக்கு வந்து, பஸ் பிடித்து வந்து சேர ராத்திரி பதினொன்றாகும். "மய்யித்துல தண்ணி கோத்திருக்கு, ராத்திரிவரைக்கும் தாங்காதும்மா. ஆனா ஒத்தப் புள்ள. அவன் வெய்யிங்கன்னா எப்படியாச்சும் வெச்சிருக்கலாம். அவனையே கேளு."

அவள் வீடியோவில் கேட்டாள். முபாரக் தலை குனிந்தான். பிறகு இரண்டு விரலைக் காதுக்குப் பின்னால் வைத்து, உள்ளங்கையை மெல்ல முன்னால் தள்ளினான். அனுப்பு. காக்க வைக்காதே.

அத்தா யாரையும் காக்க வைத்ததில்லை. நாலு ஆணி வாங்க வந்தவனைக்கூட முதலில் அனுப்பிவிடுவார். "அவன் வூட்ல கதவு தொங்கிக்கினு கெடக்கும்பா, சீக்கிரம் குடு" என்பார் கடைப் பையனிடம்.

சந்தூக்குப் பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் முகத்துணியைக் கடைசி முறையாக விலக்கினார்கள். மெஹர் நிஷா ஃபோனை அத்தாவின் முகத்துக்கு மேல் நீட்டிப் பிடித்தாள். ஹசன் அவள் முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கினார். திரையில் முபாரக் தன் காதைத் தொட்டுக் காட்டினான். எதைக் கேட்கிறான் என்று அவளுக்கு மட்டும் புரிந்தது. ஃபோனைச் சாய்த்து, கஃபன் துணியைக் கொஞ்சம் ஒதுக்கி, காதுக்குப் பின்னால் பென்சில் அழுந்தி அழுந்திக் கறுத்திருந்த அந்தத் தடத்தைக் காட்டினாள். அவன் பார்த்தான். போதும் என்று அவன் சொல்லவில்லை. நேரமாகிறது என்று சொல்லி ஆண்கள் துணியை மூடினார்கள்.

பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. தெருமுனை வரை கலிமா ஓதும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. அவள் பின்கட்டுக்கு வந்து ஃபோனைச் சுவரில் சாய்த்துவைத்து எதிரில் உட்கார்ந்தாள். அங்கே அவனும் ஃபோனை ஒரு பெஞ்சில் நிறுத்திவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

நாலே முக்காலுக்கு ஹசன் சொல்லியனுப்பியதாகப் பக்கத்து வீட்டு ஜெயசுதா வந்து, "அக்கா, மண்ணு போடறாங்களாம்" என்றாள். மெஹர் நிஷா விரல்களைக் குவித்து, பிறகு விரித்துக் காட்டினாள்.

முபாரக் எழுந்தான். பிளாட்பாரம் முடிந்து தரை தொடங்குகிற இடத்துக்குப் போய்க் குனிந்தான். ஒரு பிடி மண்ணை அள்ளி, கையை நீட்டி விட்டான். மறுபடி அள்ளினான். மூன்றாவது பிடியை விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். டீ விற்றுக்கொண்டிருந்த ஆள் கேனை இறக்கிவைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது ஃபோனில் மணி ஒலித்தது. அங்கே அறிவிப்பு.

"சத்தம் போடாதீங்க!" மெஹர் நிஷா போட்ட கூச்சலில் கூடமே அடங்கியது. குப்பி முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். முதலில் தெலுங்கில் சொன்னார்கள், பிறகு இந்தியில். அவள் அசையவில்லை. ஆங்கிலத்தில் எங்கிருந்து, எங்கே, எந்த பிளாட்பாரம் என்று கடைசிச் சொல் முடிந்து மணி அடித்து ஓயும்வரை கேட்டாள். பிறகு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

அவன் பெஞ்சுக்குத் திரும்பி வந்து திரையில் அந்த விரல்களைப் பார்த்தான். கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொள்ளாமல் பையைத் தோளில் மாட்டி ஃபோனை எடுத்துக்கொண்டான். சரியா என்று கேட்டு டீ விற்கிற ஆளிடம் தாளை நீட்டவில்லை. பாலத்துப் படியில் ஏறத் தொடங்கினான்.