ஒருக்கா முக்கின சீலை

முழங்கை வரைக்கும் சாடிக்குள் கையை விட்டு, சீலையைத் தண்ணிக்கு அடியில் அமுக்கிப் பிடித்தபடி குந்தியிருந்தாள் வினுஷா. குசினிப் பக்கத்திலிருந்து ரஞ்சினி மாமியின் குரல் வந்தது.

"இன்னும் முடியேல்லையே பிள்ளை? நாலு மணிக்கு உடுப்பைக் கொண்டந்து தரட்டாம். மண்டபத்துக்காரர் போன் எடுத்துச் சொல்லிப்போட்டாங்கள்."

"வாறன் மாமி. இன்னொருக்கா முக்கினாச் சரி."

இன்னொருக்கா, இன்னொருக்கா என்று காலையிலிருந்து எத்தனை தரம் முக்கிவிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. அம்மா இருந்திருந்தால் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டிருப்பாள். அம்மா இருந்திருந்தால் இந்தச் சீலைக்கே இப்போது தேவை வந்திராது. அம்மா செத்துப்போய் ஐஸ் அறைக்குள் கிடக்கிறாள், நாளைக்குச் செத்தவீடு, சீலை அவளுக்குத்தான்.

சிட்னியின் டூங்கபியில் அவர்கள் வீட்டுக் கராஜுக்குள் கார் போய்ப் பல வருசமாகிறது. கார் தெருவில் வெயிலில் காய, கராஜுக்குள் அம்மாவின் தறி ராசாத்தி மாதிரி இருந்தது. தபால் பிரிக்கிற இடத்தில் வேலை செய்துகொண்டிருந்த அம்மா சத்தியபாமா, ஒரு நாள் லைப்ரரியில் ஹிசாயோ என்ற ஜப்பான்காரி நடத்திய வகுப்புக்குப் போனாள். ஜப்பானியக் கைத்தறியும் அவுரிச் சாயமும் பழக்குகிற வகுப்பு. கூடப் போன மற்ற அன்ரிமார் இரண்டு கிழமையில் நின்றுவிட்டார்கள். அம்மா நிற்கவில்லை. நொதிக்கவைத்த அவுரி இலை, சாம்பல் தண்ணி, கோதுமைத் தவிடு, அதற்கு மேல் கொஞ்சம் ஜப்பான் சாராயமும் ஊற்றி ஒரு பெரிய சாடியில் நீலத்தை வளர்த்தாள். அது உயிருள்ள சாமான், தினமும் துழாவ வேண்டும், தீன் போட வேண்டும் என்பாள். அது மாட்டுக்கொட்டிலும் மீன்சந்தையும் சேர்ந்தமாதிரி நாறும். யாராவது வீட்டுக்கு வந்து மூக்கைச் சுளித்தால், "உள்ளுக்க அவவின்ர மற்றப் புருசன் இருக்கிறார்," என்று அப்பா பகிடி விடுவார். பகிடிதான், ஆனால் சிரித்துக்கொண்டு சொல்லமாட்டார்.

இந்தச் சீலையை அம்மா தனக்கென்று நெய்தாள். ஜப்பான் தறியில் வருகிற துணி ஒரு முழ அகலம்கூட இராது. மூன்று துண்டு நெய்து, ஒன்றோடொன்று தைத்து, ஒரு சீலை அகலம் ஆக்கினாள். பிறகு சாடிக்குள் ஒரேயொரு தரம் முக்கி எடுத்தாள். அந்த நிறத்துக்கு ஜப்பான்காரர் ஒரு பெயர் வைத்திருக்கிறார்களாம், சாடியை எட்டிப்பார்த்துவிட்டு வந்தது என்று அர்த்தமாம். வெள்ளையுமில்லை, நீலமுமில்லை. தண்ணி தெளியும்வரை அலசி, அலுமாரிக்குள் ஒரு வருசம் வைத்து ஆறவிட்டாள். நீலம் ஆறாவிட்டால் தொட்டவர் கையில் எல்லாம் ஒட்டுமாம்.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை, வாயைத் திறக்கக் கஷ்டப்பட்ட நேரத்திலும் அம்மா இதைத்தான் கதைத்தாள்.

"உன்ர மாமி என்ர கலியாணக் கூறையோட வந்து நிப்பா. விடாத. என்னை உந்தச் சீலையால சுத்து."

"ஓம் அம்மா."

"ஒருக்காத்தான் முக்கினது. அவ்வளவும் காணும் அதுக்கு. இன்னொருக்கா முக்கிப்போடாத."

"நான் ஏனம்மா முக்கப்போறன்?"

"சத்தியம் பண்ணு."

வினுஷா சத்தியம் பண்ணினாள். அம்மா தன்னிடம் கேட்ட ஒரே சத்தியம் அதுதான் என்று பெருமையாகவும் இருந்தது.

நேற்றுப் பின்னேரம் நார்த்மீட்டிலிருந்து ரஞ்சினி மாமி வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா. செத்தவீடு என்றால் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று சிட்னியில் பாதிச் சனம் அவளைத்தான் கேட்கும். அயன் பண்ணுகிற மேசையில் கிடந்த சீலையை இரண்டு விரலால் தூக்கினாள்.

"இதென்ன வெள்ளைச் சீலை?"

"வெள்ளையில்லை மாமி. லைட் ப்ளூ."

மாமி அதை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அரிசியில் கல்லுப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நீலமெண்டு நீ பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு வாற சனத்துக்கெல்லாம் சொல்லுவியே? பாக்கிறவைக்கு வெள்ளைதான். கட்டினவன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்க பாமாவுக்கு வெள்ளைச் சீலையோ? என்ர தம்பி செத்தே போனான்?"

"அம்மா கேட்டவ மாமி."

"வருத்தத்தில கிடக்கிற மனுசி ஆயிரம் கேக்கும். சுமங்கலியாப் போறது லேசில கிடைக்கிறதில்லை பிள்ளை. அதைப் பழுதாக்காத. கூறைதான்."

வினுஷா அப்பாவைப் பார்த்தாள். வரதராஜா கதிரையில் இருந்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கிரிக்கெட். ஒரு ஓவர் முடிந்தது. பிறகு அவர் திரும்பாமலே சொன்னார்.

"நீலமெண்டு பாத்தவுடன தெரிஞ்சா அக்கா ஒண்டும் சொல்லமாட்டா. என்னக்கா?"

"தெரிஞ்சா நான் ஏன் வாயத் திறக்கிறன்?"

"பிறகென்ன. அந்தச் சாடி கிடக்குத்தானே பிள்ளை. கொஞ்சம் கடும் கலராக்கிவிடன்."

கூறையில் போவதைவிட, இன்னொருக்கா முக்கினதென்றாலும் தான் நெய்த சீலையில் அம்மா போவது மேல் என்று வினுஷா கணக்குப் போட்டாள். சத்தியத்தில் பாதியை விட்டுக்கொடுத்தால் மற்றப் பாதியைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தாள். மனிசர் மோசம் போவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். ஹிசாயோவின் நம்பர் அம்மாவின் போனில் இருந்தது. அழைத்தால் அவள் வேண்டாம் என்பாள் என்று தெரியும், ஆகவே அழைக்கவில்லை.

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து சாடியை ஒருவரும் துழாவவில்லை. தவிடு போடவில்லை. நீலம் பாதி செத்துப்போயிருந்தது. முதல் தரம் முக்கி எடுக்கச் சாம்பல் பூத்தமாதிரி வந்தது. பிறகும் முக்கினாள். பிறகும் முக்கினாள். நூலுக்குள் இறங்க வலுவில்லாத சாயம் துணிக்கு மேலேயே படிந்து, கடைசியில் ஒருமாதிரி இருட்டு நீலமாக வந்து நின்றது.

லோன்றித் தொட்டிக்குள் போட்டு அலசினாள். தண்ணி நீலமாக ஓடியது. மாற்றி விட்டாள், திரும்பவும் நீலம். தெளியும்வரை அலச வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மணி மூன்றரை என்றும் தெரியும். பிழிந்து ட்றையருக்குள் போட்டாள். ஆடி மாதம் சிட்னியில் குளிர்காலம், கிடைத்த நேரத்துக்குள் அது அரைவாசிதான் காய்ந்தது. மாமி காரைத் திருப்பிவைத்துக்கொண்டு ஹோன் அடித்தாள்.

மண்டபத்தில் பிரேதத்துக்கு உடுத்திவிட மாமியும், அம்மாவின் சிநேகிதி கல்யாணி அன்ரியும், வினுஷாவும் போனார்கள். அம்மா குளிர்ந்து கிடந்தாள். இவ்வளவு குளிர் ஒரு மனிசரில் இருக்குமென்று வினுஷா நினைத்ததில்லை. மாமி மஞ்சளைக் குழைத்து முகத்திலும் கழுத்திலும் தாராளமாகப் பூசினாள், பெரிய குங்குமப் பொட்டு வைத்தாள். சீலையை விரித்துப் பார்த்து, "இப்ப பாக்க லட்சணமாக் கிடக்கு," என்றாள். சுற்றிக் கட்டி, தலைப்பை முக்காடாக இழுத்து, இரண்டு கன்னத்தையும் அணைத்து நாடிக்குக் கீழே செருகிவிட்டாள்.

"சொன்னாக் கேப்பாய் நீ. நல்ல பிள்ளை," என்று வினுஷாவின் முதுகைத் தடவினாள்.

வினுஷாவுக்குச் சந்தோசமாக இருந்தது. தான் வென்றுவிட்டதாக நினைத்தாள். பெட்டியை மூடினார்கள்.

அடுத்த நாள் காலை, சனம் வர முதல் வீட்டாட்கள் மட்டும் மண்டபத்துக்குப் போனார்கள். ஹீற்றர் போட்டு உள்ளுக்குள் இதமாக இருந்தது. அங்கே வேலைசெய்கிற வெள்ளைக்காரப் பெடியன் மூடியைத் திறந்தான், பார்த்தான், இரண்டு அடி பின்னுக்குப் போனான்.

குளிரில் ஈரம் கோத்திருந்த உடம்பில் இரவு முழுக்கச் சீலையின் சாயம் இறங்கியிருந்தது. மாமி முக்காட்டை விலக்கினாள். கழுத்து நீலம். காதுமடல் நீலம். மஞ்சள் பூசின கன்னமும் நாடியும் பாசி பிடித்த தொட்டிமாதிரிப் பச்சை. அம்மா பச்சை நிறம் எடுப்பதும் இப்படித்தான், முதலில் மஞ்சளில் போட்டுப் பிறகு நீலத்தில் முக்குவாள். வாய் ஓரத்தில் ஒரு கோடு வழிந்திருந்தது. எதையோ குடித்துவிட்டுத் துடைக்க மறந்தவள்போலக் கிடந்தாள்.

வரதராஜா குனிந்து பார்த்தார்.

"ஆர் இது?" என்றார்.

அவர் திரும்பி வெளியே நடந்து, கார் பார்க்கில் போய் நின்றுகொண்டார். முப்பது வருசம் கூட இருந்த மனுசியின் முகத்தை அதற்குப் பிறகு அவர் பார்க்கவில்லை. வாய்க்கரிசி போடும்போதும் காலடியைப் பார்த்துக்கொண்டுதான் போட்டார்.

மாமி ஈரத் துணியால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பரவியது. வெள்ளைக்காரப் பெடியன் மேக்கப் பெட்டியைக் கொண்டுவந்தான். அதிலிருந்த நிறங்கள் ஒன்றும் அம்மாவின் நிறமில்லை. ஒன்றைப் பூசிப் பார்க்கச் சாம்பல் பூசினமாதிரி வந்தது, அதற்குள்ளாலும் பச்சை தெரிந்தது. மாமி அவனைப் போகச் சொன்னாள்.

தன் மேல் விழப்போவதை எதிர்பார்த்து வினுஷா நின்றாள். மாமி ஏசினால் தாங்கிக்கொண்டிருப்பாள். மாமி ஏசவில்லை. காருக்குப் போய்க் கூறையை எடுத்துவந்தாள். அது முதலே காரில்தான் இருந்தது. நீலச் சீலையின் தலைப்பைக் கீழே தள்ளி, அதற்கு மேலால் கூறையைப் போர்த்து, கழுத்துவரைக்கும் இழுத்து, நீலம் ஒரு நூலும் தெரியாமல் விளிம்பை மடித்துச் செருகினாள். பிறகு வினுஷாவின் தோளில் கையைப் போட்டாள்.

"அழாத பிள்ளை. நடந்தது நடந்துபோச்சு. ஆரும் கேட்டா மருந்தால எண்டு சொல்லு. கான்சருக்குக் குடுத்த மருந்து. இல்லாட்டிச் சனம் கொம்மா நஞ்சு குடிச்சவ எண்டு கதை கட்டும், விளங்குதே? நீ பார்மசிஸ்ட். நீ சொன்னா நம்புவினம்."

"மாமி, சீலைச் சாயம் எண்டு சொன்னா என்ன?"

"சொல்லன். பெத்த தாயைச் சாயத்தில முக்கி விட்டவள் எண்டுவினம். அதுவும் இந்தச் சனம் சாகுமட்டும் சொல்லும்."

பத்து மணிக்குச் சனம் வரத் தொடங்கியது. வரிசையாக வந்து, பூவைப் போட்டு, அம்மாவைப் பார்த்து, பிறகு வினுஷாவைப் பார்த்தார்கள். முதல் நாள் உடுத்திவிட்ட கல்யாணி அன்ரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பிள்ளை, நேற்று நல்லாத்தானே இருந்தவ. என்ன இது?"

மாமியின் கை தோளில் இருந்தது.

"மருந்தால அன்ரி," என்றாள் வினுஷா. "கடைசியாக் குடுத்தது. சில பேருக்குப் பிறகு இப்பிடி வெளியில வரும்."

கல்யாணி அன்ரி தலையாட்டினாள். அவள் போய் மற்றவர்களுக்குச் சொன்னாள். கதிரைகளுக்கு நடுவில் மருந்து, மருந்து என்று அது பின்னுக்குப் போவதை வினுஷா பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னுடைய வாயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் முதல் தரம் சொன்னதைவிட இரண்டாம் தரம் சொல்வது சுகமாக இருந்தது, மூன்றாம் தரம் இன்னும் சுகம்.

வரிசையில் ஹிசாயோ வந்தாள். கறுப்பு உடுப்பு, நரைத்த கட்டை மயிர், கையில் ஒரேயொரு வெள்ளைப் பூ. பெட்டிக்கு முன்னால் நின்று அம்மாவின் காதை, கழுத்தை, நாடியை நிதானமாகப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க அந்த நிறத்துக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கேட்டாள், மெதுவான ஆங்கிலத்தில்.

"இது பாமாவின் நீலமா?"

ஒரு பக்கம் மாமி. மறு பக்கம் திரும்பவும் வந்து நின்ற கல்யாணி அன்ரி. இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தெரியும்.

"இல்லை," என்றாள் வினுஷா. "மருந்து."

ஹிசாயோ அவளுடைய வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள். நகமெல்லாம் நீலம், விரல் இடுக்கெல்லாம் நீலம், கம்பளிச் சட்டைக் கைக்கு உள்ளே முழங்கை வரைக்கும் நீலம். அவள் குனிந்து பார்க்கவில்லை.

"ஓ. மருந்து," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மிக வெளிறிய சீலை ஒன்றை எனக்கென்று நெய்து வைத்திருக்கிறேன், அதோடுதான் போவேன் என்று பாமா சொன்னாள். அதைப் பார்க்கத்தான் வந்தேன். எங்கே அது?"

கூறையின் மடிப்புக்குக் கீழே, ஒரு சாண் தள்ளி, அது கிடந்தது.

"வீட்டில இருக்கு," என்றாள் வினுஷா.

"நல்லது," என்றாள் ஹிசாயோ. "பத்திரமாக வைத்திரு."

அவள் பூவை வைத்துவிட்டு, அம்மாவை நோக்கி இடுப்புவரை குனிந்து, நீண்ட நேரம் அப்படியே நின்றாள். வரிசை அவளுக்குப் பின்னால் காத்து நின்றது. நிமிர்ந்து, ஒருவரையும் பார்க்காமல் கதவுப் பக்கம் நடந்தாள்.

அடுத்து வந்த மனுசி யாரென்று வினுஷாவுக்குத் தெரியாது. அவள் பெட்டிக்குள் எட்டிப்பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மருந்தால அன்ரி," என்றாள் வினுஷா, அவள் கேட்க முதலே.