நிறுத்தாதவருக்கே சம்பள உயர்வு

அந்தச் சாயப்பட்டறையின் பாய்லர் அறையில் ஐந்து ஆபரேட்டர்கள் இருந்தார்கள். புதிதாக வந்த மேனேஜர் நோட்டீஸ் ஒட்டினார்: வருஷம் முழுக்க ஒருமுறைகூட பாய்லரை நிறுத்தாதவருக்கு மட்டுமே சம்பள உயர்வு. முதல் வருஷம் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. மூன்று பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். மிஞ்சியது அங்கிருந்த ஒரே பெண் ஆபரேட்டரான அவளும், சுருட்டை என்று எல்லோரும் கூப்பிடும் கூட்டாளியும்தான். ஐந்து பேர் வேலையை இருவரும் இழுத்தார்கள்.

இரண்டாம் வருஷம் முடியப் பத்தொன்பது நாள் இருந்தது. மத்தியான ஷிஃப்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். காய்ந்த இரும்பின் வாடை. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் அடிவரை காலி. உள்ளே நெருப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

“சுருட்டை, அலாரம் ஏன் அடிக்கல?”

காலை ஷிஃப்டில் இருந்த அவன் திரும்பிப் பார்த்தான். காலிக் குழாய் அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. “ஒயரைக் கழட்டி வச்சிருந்தேன்க்கா. சும்மா சும்மா அடிச்சு பாய்லரை நிறுத்திடுது. இன்னும் கொஞ்ச நாள்தானேன்னு...” சொல்லிக்கொண்டே தண்ணீர் பம்பை நோக்கி ஓடினான்.

“தொடாதே!” சட்டையைப் பிடித்து இழுத்தாள். “பழுத்த இரும்புல தண்ணி பட்டா அறையே வெடிச்சுப் போயிடும்!”

நெருப்பை அணைக்கும் பொத்தான் பாய்லரை ஒட்டியே இருந்தது. ஆறடி தூரம். நடந்தாள். அந்த நேரத்திலும், வெட்கக்கேடு, சம்பள உயர்வு ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

பட்டறை ஆட்களை விரட்டிக்கொண்டு இருவரும் வெளியே ஓடினார்கள். மதிலுக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள். உள்ளே இரும்பு டக்கென்று சத்தம் போடும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். சுருட்டை தன் மகள்களின் பெயரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் மெக்கானிக் திறந்து பார்த்தார். பாய்லருக்குள் இரும்புக் குழாய்கள் வயிறு உப்பிக் கிடந்தன. “இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தீங்கன்னா, உங்களைப் பொறுக்கித்தான் எடுத்திருக்கணும்” என்றார்.

மேனேஜர் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “உங்களுக்கு மட்டும் உயர்வு போட்டுடறேன். வெளியே பேச வேண்டாம்.”

“நிறுத்தினாலும் உயர்வு உண்டுன்னு எழுதி ஒட்டுங்க சார். ஒயரைக் கழட்ட யாருக்கும் தோணாது.”

“அதை மேலிடத்துல கேட்கணும்” என்றார் அவர்.

சுருட்டை அந்த வாரமே வேலையைவிட்டு நின்றுவிட்டான். குழாய் மாற்றிய பாய்லரில் மாதக் கடைசிவரை அவள் பயந்து பயந்து வேலை பார்த்தாள். நோட்டீஸ் மாறவில்லை. சம்பளம் குறைவு என்று தெரிந்தே ஒரு பால் பண்ணையில் சேர்ந்தாள். முதல் நாள் ஃபோர்மேனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, “இங்க பாய்லரை நிறுத்தினா என்ன ஆகும்?”

“நின்னுடும். வேறென்ன ஆகணும்?” என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.