மூன்று கோடு போட்ட மூட்டைகள்

எங்கள் பட்டறையில் சுட்ட கரியும் சுடாத கரியும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். சாயத் தொழிற்சாலையின் கழிவுநீரை வடிகட்டி, அதன் விஷத்தையெல்லாம் குடித்துவிட்டு வருகிற கரியைச் சூளையில் நீராவி விட்டுச் சுடுவது என் வேலை. சுட்டால்தான் அது மறுபடி விஷத்தைக் குடிக்கும். ஒழுங்காகச் சுட வேண்டும் என்பதில் எனக்குச் சொந்தக் கவலையும் உண்டு. தொழிற்சாலைத் தண்ணீர் ஓடுகிற ஓடையின் ஊற்றுதான் அடி அண்ணாமலை கிராமத்தில் எங்கள் கிணற்றுக்கு வருகிறது. அதை நம்பித்தான் கார்த்திகை தீபத்துக்கு விற்க அரை ஏக்கர் சாமந்தி வைத்திருந்தோம்.

சுட்ட மூட்டைமேல் சுண்ணாம்பால் மூன்று கோடு இழுத்துவிடுவேன். எனக்கு எழுதத் தெரியாமல் இல்லை. சோம்பேறித்தனம். அண்ணாமலையார் ஊரில் மூன்று கோடு போடக் கை தானாக வருகிறது.

ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவ என் மனைவி தனம் வந்தாள். சூளைக்கும் தராசுக்கும் மண்வெட்டிக்கும் விபூதியைக் குழைத்துப் பட்டை போட்டாள். மூலையில் கிடந்த மூட்டைகளையும் விடவில்லை. சுட்டது, சுடாதது, நாற்பதுக்கும் மும்மூன்று கோடு. நானும் சூடம் காட்டிக் கும்பிட்டேன், பொரி தின்றேன். மரமண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் தொழிற்சாலை லாரியோடு வந்த டிரைவர் வேணு, கோடு போட்ட மூட்டைகளை வழக்கம்போல ஏற்றிக்கொண்டு போய்விட்டான். நாற்பதையும். நான் டீக்கடையில் இருந்தேன்.

எட்டு நாள் கழித்துத் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. "இன்னாங்க பரசுராமன், உங்க கரி பாதிக்கு மேல ஒண்ணுத்தையும் உறிஞ்சல. தண்ணி செவப்பாவே ஓடையில போயிட்டிருந்துது."

அதற்குள் கிணறு சிவந்துவிட்டது. மொட்டு விட்ட சாமந்தி வரிசை வரிசையாகக் கருகி நின்றது. கரியென்றால் இன்னொரு முறை சுடலாம். கிணற்றை என்ன செய்வது? எனக்கு அழுகை வந்தது.

தனம் வரப்பில் குனிந்து மண்ணை வாரினாள். "எந்தப் பாவி பண்ணானோ, அவன் கை அழுகிப் பூடணும்!" என்று தூற்றினாள். அடுத்த பிடிக்குக் குனிந்தாள்.

ஓடிப் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வுடுங்க! எதுக்குத் தடுக்கிறீங்க?"

"கோடு போட்டது நான்தான் தனம்," என்றேன். "என்னையே திட்டு."