சத்தம் நின்ற பிரேக்

குஞ்சிதபாதம் மிராசுதாரின் சிவப்புக் காருக்கு இரண்டே சீட்டு. ஆனால் அதன் பிரேக் போடும் கூச்சலுக்கு ஏழு ஊர் பத்தாது. மன்னார்குடி தெப்பக்குளத்து முனையில் அவர் பிரேக்கில் காலை வைத்தால் நான்கு வீதியிலும் பால் திரிந்துபோகும். பாமணி ஆற்றுக் கெண்டைகள் கரையேறி என்னவென்று பார்த்துவிட்டுத் திரும்பும். இதில் முக்கால்வாசி உண்மை.

காரணம் மெக்கானிக் லியாகத் அலிக்குத் தெரியும். மாசி மாதம் சோழவரம் பந்தயத்துக்காக, பிரேக் டிரம்மில் உரசிப் பிடிக்கும் லைனிங்கைக் கெட்டியானதாக நான்கு சக்கரத்திலும் பொருத்தியது அவர்தான். பந்தயத் தடத்தில் சுற்றிச் சுற்றி ஓடி அடுப்பாகக் காய்ந்தால் அது உடும்புப் பிடியாகப் பிடிக்கும். ஊர்ச் சாலையில் ஆறிக் கிடக்கும்போது அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு கத்தும். நான்கு கார் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்த மிராசுதார், வேறு லைனிங் மாற்றவே விடவில்லை. பந்தயக்காரர் வருகிறார் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?

அப்படிப்பட்டவர் ஐப்பசி பிறந்ததும் சத்தம் கூடாது என்று வந்து நின்றார்.

சென்னையில் உதயசூரியன் ஆட்சி வந்து மூன்றாம் வருஷம் அது. குத்தகை நிலத்தை யார் பயிரிடுகிறாரோ அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்திருந்தது. அதிகாரி வயலுக்கே வந்து விசாரித்து எழுதினார். வேளூர்க்கட்டளையில் மிராசுதாருக்கு இருந்த ஒன்பது மாவை, அதாவது மூன்று ஏக்கரை, பதினோரு வருஷமாகக் குத்தகைக்குப் பயிர் செய்துவந்தவள் அம்சம். பெயர் ஏறிவிட்டால் அவளை யாரும் வெளியேற்ற முடியாது. அதிகாரி வரும் நேரம் வயலில் ஆளில்லை என்றால், பண்ணையின் சொந்தச் சாகுபடி என்று எழுதிவிடுவார். அப்புறம் அவள் வெறும் கூலியாள்.

நடவு முடிந்துவிட்டதால் அவள் அடுத்த வயல்களுக்குக் கூலி நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஊருக்கு முன்னால் மதகு வளைவில் கார் கத்தினால் அரை மைலுக்குக் கேட்கும். கேட்டதும் ஓடிவந்து தன் வயலில் இறங்கிவிடலாம் என்பதுதான் அவள் கணக்கு. அதிகாரிக்குப் பந்தயக் காரில் ஏறிப் பார்க்க ஆசை என்பதும் அந்த ஆசையைக் கிளறிவிட்டவர் மிராசுதார் என்பதும் ஊருக்கே தெரியும்.

அவள் பட்டறைக்கு வந்து நேராகவே கேட்டாள்.

“பாய், அந்தக் கார் கத்துறதுதான் எங்களுக்குத் தண்டோரா. ஆபீசர் எழுதிட்டுப் போறவரைக்கும் அது கத்தட்டும். அப்புறம் நீங்க அதுக்குத் தாலாட்டே பாடுங்க.”

லியாகத் அலி சரியென்று தலையாட்டினார். லைனிங்கின் ஓரங்களை அரத்தால் சரிவாகச் சீவி, டிரம்மைத் துடைத்து மாட்டினால் கூச்சல் பாதி அடங்கிவிடும், அரைநாள் வேலை. மிராசுதாரிடமோ, அதற்கான அரம் மெட்ராசில் கப்பலிலிருந்து இன்னும் இறங்கவில்லை என்றார். கப்பலை ஒன்பது நாள் நடுக்கடலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

பத்தாம் நாள் காலை சிவப்புக் கார் பட்டறையைக் கடந்துபோனது. மிராசுதார் பக்கத்தில் அதிகாரி, மடியில் பதிவேடு. தெப்பக்குளத்து முனையில் கார் திரும்பியது. சத்தமே இல்லை.

லியாகத் அலி கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்தார். அவர் கை வைக்காத பிரேக் எப்படி வாயை மூடும்? அந்த நேரம் பார்த்து மிராசுதாரின் காரியஸ்தர் இராஜாங்கம், முழங்கை வரை பளபளக்க, சைக்கிளில் வந்து இறங்கினார்.

“ஒன்பது நாளா இழுத்தீங்களே பாய், ஒரு படி விளக்கெண்ணெயில முடிச்சுட்டேன். மாட்டுவண்டிச் சக்கரம் கத்தினா மை போடறோம்ல? காருக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?”

“எத்தனை சக்கரத்துல ஊத்துனீங்க?”

“நாலுலயும்தான். எசமான் கார்ல போயி நான் கஞ்சத்தனம் பண்ணுவேனா?”

எண்ணெய் குடித்த லைனிங் கத்தாது, பிடிக்கவும் பிடிக்காது. கைப்பிரேக்கும் அதே டிரம்மை நம்பியதுதான். ஊருக்குள் மெதுவாகப் போனதால் கியரே காரை இழுத்துப் பிடித்திருக்கிறது. வெளியே ஆறு மைல் நேர் ரோடு. அது முடியும் இடத்தில் மதகு வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் இந்நேரம் நாற்று முடிச்சோடு பெண்கள் ரோட்டைக் கடப்பார்கள்.

லியாகத் அலி பழுதுக்கு நின்ற ஒரு மோட்டார் சைக்கிளை உதைத்தார். அதற்குச் சைலன்சர் இல்லை. இடியைக் கயிறு கட்டி இழுத்துப்போவது போலக் கிளம்பியது.

மூன்றாம் மைலில் சிவப்புப் புள்ளி தெரிந்தது. ஹாரனை விடாமல் அடித்தார். மிராசுதார் கண்ணாடியில் பார்த்தார். சோழவரத்தில் பின்னால் ஒருவரும் இல்லாமலே ஓட்டிப் பழகிய மனிதர். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னை ஒருவன் துரத்துகிறான் என்று கண்டதும் பூரித்துப்போய் மிதித்தார். கார் அம்பாகப் பறந்தது.

தான் அடிக்கும் ஒவ்வொரு ஹாரனும் காரின் வேகத்தை ஐந்து மைல் கூட்டுகிறது என்று லியாகத் அலிக்குப் புரிந்தபோது வளைவுக்கு ஒரு மைல்தான் இருந்தது. ஹாரனை விட்டார். பின்தங்கிவிட்டால் மிராசுதார் வேகத்தைக் குறைக்கலாம். ஆனாலும் வளைவில் பிரேக்கைத்தானே மிதிப்பார்? முந்துவதென்றால் இடமில்லை, ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாய்க்கால், நடுவில் ஒன்றரை வண்டி அகல ரோடு.

முந்தினார். பாதிச் சக்கரம் புல்லில், முழங்கால் ஆற்றுக்கு மேல். பக்கத்தில் வந்தபோது, பிரேக்கை நம்பாமல் கியரைக் குறைக்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார். மிராசுதார் காதில் அது வம்புக்கு இழுப்பதாக விழுந்தது. அதிகாரிக்குச் சரியாகவே விழுந்தது; பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

லியாகத் அலி வளைவைத் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஒன்பது பெண்கள், தலையில் நாற்று முடிச்சு. நான்காவதாக அம்சம்.

“கீழ இறங்குங்க. காருக்குப் பிரேக் இல்ல.”

ஒன்பது முடிச்சும் ரோட்டில் விழுந்தன. ஒன்பது பேரும் கரைச்சரிவில் இருந்தார்கள்.

கார் வந்தது. மிராசுதார் பிரேக்கை மிதித்தார். மிதி கல்லாக நின்றது, கார் நிற்கவில்லை. மறுபடி மிதித்தார். ஒரு முனகல்கூட இல்லை. கடைசி நொடியில் கியரை நறநறவென்று குறைத்தார். கார் உறுமி, விழுந்து கிடந்த முடிச்சுகளில் வழுக்கி, வாய்க்காலைத் தாவி, அந்தப் பக்கத்து வயலில் குதித்தது. சேறு தென்னை உயரம் எழுந்து இறங்கியது.

அது அம்சத்தின் வயல்.

யாருக்கும் உயிருக்குச் சேதமில்லை. அதிகாரி தொடையளவு சேற்றில், பதிவேட்டைத் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றார். மிராசுதார் வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டு, இது தன் சொந்தச் சாகுபடி என்றும் எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

அம்சம் இருவரிடமும் போகவில்லை. வாய்க்காலைக் கடந்து வயலில் இறங்கி, கார் சாய்த்த பயிரை ஒவ்வொன்றாக நிமிர்த்தி ஊன்ற ஆரம்பித்தாள். அதிகாரியின் காலடியில் வந்ததும் கொஞ்சம் நகரச் சொன்னாள். அவர் நகர்ந்தார். என்ன நெல், எப்போது நட்டது என்று கேட்டார். மிராசுதார், ஐப்பசிக்குள் அறுத்தே முடிந்திருக்கும் குறுவையின் பெயரைச் சொன்னார். அம்சம் நிமிராமலே, சம்பா, நட்டுப் பதினாறு நாள், தென்மேற்கு மூலையில் மட்டும் இரண்டு நாள் பிந்தியது என்றாள்.

அதிகாரி பேனாவைச் சட்டையில் துடைத்தார்.

“பேரு?”

“அம்சம். நட்டது நான், என் பேரையே எழுதுங்க.”

எழுதி, கைநாட்டும் வாங்கினார். மிராசுதார் கரையில் நின்ற லியாகத் அலியைப் பார்த்து, இனி தன் காரைத் தொடவே கூடாது என்றார். ஊரில் வேறு மெக்கானிக் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். லியாகத் அலி மரியாதையாகச் சரி என்றார். பிறகு மிராசுதார், காரை இழுக்க நான்கு ஜோடி மாடு கொண்டுவர இராஜாங்கத்துக்கு ஆள் அனுப்பினார்.

அம்சம் அப்போதுதான் இடுப்பை நிமிர்த்தினாள்.

“மாடு இறங்கினா பயிர் போயிடும்ங்க. தையில அறுப்பு முடியட்டும், வந்து எடுத்துக்கங்க.”

மிராசுதார் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பதிவேட்டை மூடியபடி, சாகுபடிதாரர் சொல்வதுதான் முறை என்றார்.