லொறியின் சொந்தக்காரர்

1972 பெப்ரவரி 15, செவ்வாய்க்கிழமை. பதுளை நீதவான் நீதிமன்றத்தில் அன்று எடுக்கப்பட்ட போக்குவரத்து வழக்குகளில் ஒன்று, கருக்குமலைத் தேயிலைத் தோட்டத்தின் லொறி காப்புறுதி இல்லாமல் ஹாலிஎல வீதியில் ஓட்டப்பட்டது பற்றியது. எதிரியின் பெயர் அழகர். தொழில், சாரதி.

அழகர் காலையின் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். துவைத்து மடித்த காக்கிக் களிசான், வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. நீதிமன்ற வாசலில் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வீரசிங்கம் குடையை ஊன்றிக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து ஒபீசில் இருபது வருடமாக இருக்கிறார்.

"கேளும் அழகர். பேர் கூப்பிட்ட உடனே ஏறும். குற்றவாளி எண்டு ஒரு சொல்லு. பிறகு இறங்கும். தண்டத்தைத் தோட்டம் கட்டும். உமக்கு இண்டைக்குப் பேரும் விழும்."

பேர் விழும் என்றால், வேலைக்குப் போகாமலே அன்றைய சம்பளம் சேரும் என்று அர்த்தம். கோட்டுக்குப் போகிற டிரைவருக்குத் தோட்டம் செய்கிற மரியாதை அது.

"லைசன் போயிருமேங்க, கிளாக்கரையா?"

"அதை வரேக்கை பாப்பம்," என்று சொல்லிவிட்டு வீரசிங்கம் உள்ளே போய் முன்வாங்கில் உட்கார்ந்துகொண்டார்.

கருக்குமலையில் இது வழக்கமாகவே இருந்தது. லொறியில் என்ன குறை இருந்தாலும் கூண்டில் ஏறுவது டிரைவர்தான். முதல் தடவை அழகர் மொட்டையாய்ப் போன டயருக்காக ஏறினார். மறு தடவை எரியாத பின்விளக்குக்காக. இரண்டையும் பற்றி அவர் ஒபீஸ் ஜன்னலில் நின்று பல நாள் சொல்லியிருந்தார். சொன்னவர்தான் கடைசியில் குற்றவாளியும் ஆனார். தண்டத்தைத் தோட்டம் கட்டியது, அவருக்குப் பேர் விழுந்தது, லொறி மறுபடி ஓடியது. யாருக்கும் நட்டமில்லை என்று அவரும் அப்போது நினைத்துக்கொண்டார். இப்போதிருக்கும் நீதவான் வேறு ஆள். இன்சூரன்ஸ் இல்லாத வழக்கென்றால் தண்டத்தோடு விடுவதில்லை, லைசனையும் பிடுங்கிவிடுகிறார் என்று பஸ் ஸ்டாண்டிலேயே பேச்சு. அப்படிப் பறிகொடுத்த லுணுகலைப் பக்கத்து டிரைவர் ஒருவர் பண்டாரவளைச் சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்குவதை அழகர் கண்ணாலேயே பார்த்திருந்தார். இவரைக் கண்டதும் அந்த ஆள் மூட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு போனார்.

அழகர் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்ட மனு எங்கேயோ ஓர் ஒபீசில் வருடக்கணக்காகக் கிடந்தது. அரசாங்கம் அழகரின் பெயரை எழுதி முத்திரை குத்திக் கொடுத்திருந்த ஒரே பொருள் அந்த லைசன்தான். அது கையில் இருக்கிறவரைக்கும் விடியற்காலையில் தப்படிக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து, வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று கங்காணியின் வாயைப் பார்க்க வேண்டியதில்லை. அவருடைய தகப்பன் நின்றார், அண்ணன் இன்னும் நிற்கிறார். பெண்சாதி இராக்கம்மாவும் கூடையோடு நிற்கிறாள். அன்று காலை அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"மூணாந்தடவையும் தலையாட்டிட்டு வாங்க. நாளைக்குப் பெரட்டுல எம்பக்கத்துலயே ஒங்களுக்கு எடம் புடிச்சு வைக்கிறேன்."

"சும்மா இரு புள்ள. தொரை பாத்துக்குவாரு."

"ஆமாமா. கூண்டுல ஏறி நின்னு பாக்கப் போறாரு."

பின்வாங்கில் அழகருக்குப் பக்கத்தில் பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஜௌபர் உட்கார்ந்திருந்தார். தன்னுடைய வேனை ஒருவழிப் பாதையில் விட்ட வழக்கு. காத்திருந்து அலுத்துப்போனவர் பேச்சுக் கொடுத்தார்.

"ஒங்களுக்கு என்ன கேஸ்?"

"இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டுனதுங்க, மொதலாளி."

"ஒங்கட லொறியா?"

"தோட்டத்தோடதுங்க."

"தோட்டத்து லொறிக்கு நீங்க என்னத்துக்கு இங்க ஈக்கிறீங்க? எண்ட வேனுக்கு நான் வந்தீக்கிறேன். அந்த லொறிக்கு ஒரு மொதலாளி இல்லையா? மவுத்தாப் போயிட்டாரா?"

முன்வாங்கிலிருந்து வீரசிங்கம் திரும்பிப் பார்த்தார். ஜௌபர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூரையைப் பார்த்தார்.

அழகரின் பெயர் கூப்பிடப்பட்டது. கூண்டின் கம்பி பல கைகள் பட்டு மினுமினுத்துக்கொண்டிருந்தது. பொலிஸ் சார்ஜன்ட் குற்றச்சாட்டை வாசித்தார். நீதவான் சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் மூக்கால் தமிழில் சொன்னார்.

"நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?"

சொல்ல வேண்டிய சொல் அழகரின் நாக்கில் தயாராகவே இருந்தது. வாயைத் திறந்தபோது அவர் கண் முன்வாங்குக்குப் போனது. வீரசிங்கம் அதற்குள்ளேயே எழுந்துவிட்டிருந்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தண்டம் கட்டும் ஜன்னலை நோக்கி ஓரடியும் வைத்துவிட்டார். பதிலுக்காகக்கூட அவர் நிற்கவில்லை. தான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே என்று அழகருக்குத் தோன்றியது. இரண்டு தடவையும் இப்படித்தான் போயிருப்பார், அப்போது தான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"சுத்தவாளிங்க," என்றார்.

மலைவளைவில் கிளீனரைக் கூப்பிடுகிற குரல் அது. மண்டபத்தில் தேவைக்கு மேலாகவே கேட்டது. வீரசிங்கம் நின்ற இடத்திலேயே நின்றார்.

நீதவான் வழக்குக் கோவையிலிருந்து தலையைத் தூக்கினார். இதற்கு முன் இரண்டு தடவை குற்றத்தை ஒப்புக்கொண்டவர் இந்த முறை ஏன் மறுக்கிறார் என்று கேட்டார்.

"அதுவும் நான் செஞ்ச குத்தம் இல்லீங்க, ஐயா. சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். லொறிய ஓட்டுனது நாந்தானுங்க. அத இல்லேங்கல. ஆனா இன்சூரன்ஸ் கட்டாம விட்டது நான் இல்லீங்களே. எனக்குச் சொந்தமா ஒரு சைக்கிள்கூடக் கெடையாதுங்க."

பின்வாங்கில் சிரிப்பு எழுந்தது. ஜௌபரின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. நீதவான் சார்ஜன்டைப் பார்த்து, லொறியின் சொந்தக்காரருக்கு ஏன் அழைப்பாணை அனுப்பவில்லை என்றார். சார்ஜன்ட், தோட்டத்து வழக்குகளில் டிரைவர்மார் எப்போதும் ஒப்புக்கொண்டுவிடுவார்கள் என்றார். அது பதிலா என்று நீதவான் கேட்டார்.

தோட்டத்திலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று அடுத்துக் கேட்டார். பாதி வழியில் நின்றிருந்த வீரசிங்கத்துக்கு உட்காரவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. சாட்சிக் கூண்டில் ஏற்றி அவரிடம் சத்தியம் வாங்கினார்கள். காப்புறுதி தீர்ந்துபோனது இந்தச் சாரதிக்குத் தெரியுமா என்பது கேள்வி.

தெரியும் என்று கிளாக்கர் ஒரு சொல் சொன்னால் போதும், லைசன் போய்விடும். சொல்லாவிட்டால் கிளாக்கரின் வேலை போனாலும் போகும். வீரசிங்கம் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார், மடித்தார், மறுபடி விரித்தார்.

"அவருக்குத் தெரியாது," என்றார் கடைசியில். "ஜனவரியிலை வந்து கேட்டவர். எல்லாம் சரி எண்டு நான்தான் சொல்லி அனுப்பினனான்." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "நான் கடுதாசியைத் துரையின்ரை மேசையிலை வைச்சனான், ஐயா. ரெண்டுதரம் வைச்சனான். அவர் கையொப்பம் போடேல்லை."

அழகர் விடுவிக்கப்பட்டார். லொறிக்குப் பொறுப்பான, தோட்டத்தை நடத்தும் துரைக்கு அழைப்பாணை அனுப்பும்படி நீதவான் உத்தரவிட்டார். வெளியே வந்தபோது ஜௌபர் அழகரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அவருக்குத் தண்டம் விழுந்திருந்தது, ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்கும் ஒரு டைவர வச்சீந்தா தப்பீக்கலாம் போலன்னு நெனச்சேன். இப்ப அந்த ஆசையும் போச்சி!"

முந்தின நாள் பிடிபட்ட லொறி இன்னும் பொலிஸ் முற்றத்தில் இருந்ததால் கிளாக்கரும் டிரைவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். உட்கார இடமில்லை. ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஹாலிஎல தாண்டியதும் வீரசிங்கம் அழகர் பக்கம் திரும்பினார்.

"நான் ஏன் ஐசே கையொப்பக் கதையைச் சொன்னன்?" என்றார் திடீரென்று.

"தெரியலீங்களே, கிளாக்கரையா."

"கேட்டது தெரியுமோ இல்லையோ எண்டுதானே. அதுக்கு மேலை நான் ஏன் சொன்னன்?" அவர் உதட்டோரத்தில் சிரிப்புப் போல ஏதோ வந்தது. "துரையின்ரை முகத்தை நினைச்சன். வாய் தானாகச் சொல்லிப்போட்டுது."

அழகரும் சிரித்துவிட்டார். இருபது வருடத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை துரை இருவரையும் ஒபீசுக்குக் கூப்பிட்டார். அவர் கையில் பிரம்பு இருந்தது, முகம் சிவந்திருந்தது. ஆனால் வெளியே நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் முந்தின நாள் கொழுந்து ஏற்ற லொறியில்லாமல் குவிந்து, அடியில் சூடேறிக் கறுக்கத் தொடங்கியிருந்தது. லொறி ஓட்ட லைசன் உள்ள ஆள் தோட்டத்தில் வேறு யாரும் இல்லை. துரை ஜன்னல் வழியாகக் கொழுந்தைப் பார்த்தார், பிறகு அழகரைப் பார்த்தார்.

"இனிமே கோட்டுல என்னா சொல்றதுன்னாலும் மொதல்ல என்கிட்ட சொல்லணும்."

"சொல்லலாமுங்க, தொரை," என்றார் அழகர். "நீங்களும் இன்சூரன்ஸ் கட்டுனா கட்டுனேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. பாத்துட்டு வண்டிய எடுக்குறேன்."

வீரசிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தோள் மட்டும் குலுங்கியது. துரை பேனையை எடுத்துக் காப்புறுதிக் கடுதாசியில் கையொப்பம் போட்டார்.

இராக்கம்மாவும் அவளுடைய கூட்டாளிகளும் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தபோது, வெள்ளிக்கிழமை பகல், காப்புறுதி கட்டி மீட்ட லொறி மேட்டில் ஏறி வந்தது. அழகர் தேவையில்லாத இடத்தில் ஹோர்ன் அடித்தார். அவள் திரும்பிப் பார்க்காத மாதிரிக் கூடையைத் தராசில் தூக்கி வைத்தாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

மார்ச் 7ஆம் திகதி துரை பதுளை நீதவான் நீதிமன்றத்தில் கூண்டில் ஏறிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டம் அன்றே கட்டப்பட்டது. அந்த நேரத்தில் அழகர் புகையிரத நிலையத்தில் தேயிலைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அதை அவர் பார்க்கவில்லை.