பஸ் 66

மாகறல் பக்கத்துக் காலனிப் பையன்கள் தொடங்கிய சாட் குரூப்புக்கு, தங்கள் மன்றத்தின் முழுப் பெயரையே முகவரியாக வைத்திருந்தார்கள். பேனரில் அடிப்பதுபோல ஊர், வட்டம், ஆண்டு எல்லாம் அதில் இருந்தது. மஸ்கட்டில் சென்ட்ரிங் வேலை செய்யும் அந்தக் காலனி ஏசுதாஸால் அதைச் சரியாக அடிக்க முடியவில்லை. போன ஞாயிறு அவர் மனைவி திலகா, நான் பகலில் உட்காரும் உத்திரமேரூர் பிரவுசிங் சென்டரில் அவர் திரையில் வருவார் என்று வெகுநேரம் காத்திருந்துவிட்டுப் போனார்.

இந்த ஞாயிறும் வந்தார். நான் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் இருந்தேன். திரை ஏரித் தண்ணீர்போல் அசைந்தது.

"வேற குரூப்பு போடு தம்பி. அவரு மறக்காத பேரா வையி."

"உம் பேரையே வச்சிடட்டாக்கா?"

"அத்த மறந்துதான் ரெண்டு வருசமாச்சே," என்று சிரித்தார். "எங்க ஊருக்கு வர்றது ஒரே பஸ்ஸு. அத்தோட நம்பர போடு. வுட்டா நடக்கணும், எவனும் மறக்க மாட்டான்."

பஸ் 66 என்று போட்டேன். அந்தப் பெயரை யாரும் எடுத்திருக்கவில்லை. திலகா பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து மஸ்கட்டுக்குப் போன் செய்து, ஒரே தடவை சொல்லிவிட்டு வந்தார்.

மின்விசிறிக் காற்றில் கண் சொருகியது. கனவில் நிறுத்தம் வந்ததுபோல் திரையில் ஒரு பெயர் ஏறியது. ஏசுதாஸ்.

"ஜன்னல் சீட்டு காலியாகீதா?" என்று கேட்டிருந்தார்.

திலகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"துண்டு போட்டு வச்சிகீறேன்னு அடி தம்பி," என்றார்.