ஐம்பத்தைந்து நிமிடக் கொழும்பு

திருச்சியிலிருந்து விமானத்தில் கொழும்புக்கு ஐம்பத்தைந்தே நிமிடம் என்பதைத் தாமே கண்டுபிடித்தவர்போல் காஜா நஜ்முதீன் காரைக்கால் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை மஹ்பூபாவின் ஒரே மகள் சித்திக்காவுக்குக் கொழும்பில் மாப்பிள்ளை பார்த்திருந்தார். ஆகவே நடுவில் கிடக்கும் கடலைச் சுருக்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்திருந்தது.

“இந்தத் தலத்தெருவுலேர்ந்து நாகப்பட்டினம் போற நேரங்கூட ஆகாது புள்ளே!”

சித்திக்காவுக்கு மாப்பிள்ளையின் போட்டோவைவிட அந்த ஐம்பத்தைந்தின் மேல்தான் ஆர்வம். அது எந்த வாசலில் தொடங்கி எந்த வாசலில் முடிகிறது? உம்மாவுக்கு மூச்சிரைப்பு. போன மாதம் மட்டும் இரண்டு தடவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். கொழும்புக்கு வாழப் போனபின் உம்மா கூப்பிட்டால் அன்றைக்கே வந்து நிற்க முடியுமா என்று தெரியாமல் தலையாட்டுவது எப்படி?

“சம்பந்தம் பேச நீங்கதானே போறீங்க மாமா? காலையில கிளம்பி, பொழுது சாஞ்சு மஃரிப் தொழுகைக்குள்ள மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறிட்டீங்கன்னா எனக்குச் சம்மதம்.”

“மஃரிபா? அதுக்குள்ள போயிட்டுத் திரும்பியே வந்துருவேன்!”

விமானம் பகல் மூன்று மணிக்கு. ஆனால் ஊரில் பயணம் சொல்லிக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு. கப்பலேறினால் திரும்ப ஆறு மாதம் ஆன காலத்தது. வீடு வீடாகப் போய் ஸலாம் சொல்லி துஆ வாங்க வேண்டும். ஐம்பத்தைந்து நிமிடப் பயணத்துக்கு எத்தனை வீடு என்று யாரும் திருத்தவில்லை. அவர் ஒன்பது வீடு ஏறினார். ஒன்பதிலும் டீ, ஒன்பதிலும் விமான வேகம் பற்றிய பிரசங்கம். கடைசி வீட்டுக்கார அம்மா பஹீமா, கொழும்புக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பவென்று தம்ரூட் இனிப்பு கிண்டி இறக்கும்வரை உட்காரவைத்துவிட்டார்.

கார் கிளம்பும்போது மணி பதினொன்றேகால். சித்திக்கா அதைக் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டாள். ஒரு மணிக்குக் கூப்பிட்டால் திருவாரூர். இரண்டேகாலுக்குத் தஞ்சாவூர். மூன்றரைக்கு அவள் கூப்பிட்டபோது டிரைவர் நவநீதன் எடுத்தான்.

“இப்பதான் ஏர்போர்ட்டுக்கு வந்தோம்க்கா. பிளைட்டு போயிருச்சாம். அய்யா உள்ள மேனேஜரைக் கூப்பிடுன்னு சத்தம் போட்டுக்கிட்டு நிக்கிறாரு.”

“சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன், அந்த பிளைட்டு இப்ப எங்க இருக்கும்?”

“கடலுக்கு மேல இருக்கும்க்கா.”

ஐம்பத்தைந்து நிமிடம் பிசகாமல் பறந்துகொண்டிருந்தது. மாமா மட்டும் அதில் இல்லை.

மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்துக்கு அவரே கூப்பிட்டார். திரும்பும் வழியில், மறுபடியும் தஞ்சாவூரில் இருந்தார்.

“ரோட்டுலதான் லேட்டு புள்ளே. பிளைட்டு மேல குத்தமில்ல. அம்பத்தஞ்சு நிமிஷம்னா அம்பத்தஞ்சு நிமிஷந்தான்.”

“அங்கேர்ந்து இங்க வர்றதுக்கும் அதே நேரந்தானே மாமா?”

“அதேதான்! ஒரு நிமிஷம் கூடாது, குறையாது.”

“அப்ப நம்ம ஊரு வழக்கப்படி மாப்பிள்ளையே பொண்ணு வீட்டோட வந்து இருக்கட்டும். நெனச்சா அவுங்க உம்மாவைப் போய்ப் பாத்துட்டு வந்துரலாமே.”

காஜா நஜ்முதீன் தணிந்த குரலில் கேட்டார்:

“அம்புட்டுத் தூரத்துலேர்ந்து அவரு எப்படி புள்ளே வருவாரு?”